ஒன்று நீளம், இரண்டு குட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போகிற ஆள் நான். எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போன ஒரு பெண்ணுக்கு மோகினி பிடித்துவிட்டது என்று லயத்து வரிசை வீடுகளே கூடி நின்று வேப்பிலை தேடியபோது, அது வெறும் பசி மயக்கம், முதலில் சீனி போட்டு ஏதாவது குடிக்கக் கொடுங்கள் என்று சொல்லி எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவன். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவனுக்கு வேறு மாதிரி இருக்கவும் முடியாது. பெட்டி வேலை செய்யவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் அகப்படும். தூசி, துரு, எறும்பு, பல்லி முட்டை, இருபது வருஷத்தில் நான் பெட்டிக்குள் பார்த்த ஆவிகள் இவ்வளவுதான். ஆகவே நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்நேரம் எழுந்து போயிருப்பேன்.

என் கடை தெரணியகலை பஜாரில், ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. தகரக் கூரை. அந்த மாடியில் இரண்டே அறைகள், ஒன்றில் நான், மற்றதில் சோமா அக்காவின் தையல் கடை. நடுவில் ஒரு பலகைத் தட்டி, அதுவும் கூரை வரைக்கும் போகாது, அதனால் அவர் இருமினால் எனக்குக் கேட்கும், நான் கெட்ட வார்த்தை சொன்னால் அவருக்குக் கேட்கும். சோமா அக்கா சிங்களப் பெண், ஐம்பதைத் தாண்டியவர். தமிழில் வாங்க, போங்க, நாளைக்கு, தச்சாச்சு, இவ்வளவுதான் அவருக்கு வரும். எங்களுக்குள் பேச்சு எல்லாம் சிங்களத்தில்தான். என்னை மல்லி என்பார், தம்பி என்று அர்த்தம். என் மனைவி கோமதியை நங்கி, தங்கச்சி என்பார்.

கோமதி புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு தோட்டத்துப் பெண். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் சின்ன வகுப்போடு முடிந்துவிடும் என்பதால் அவளைச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள், தமிழைத் தானாகவே படித்துக்கொண்டாள். அந்த இரண்டு மொழிதான் பிறகு எங்கள் கடையையே தூக்கி நிறுத்தியது. தோட்டத்து ஆட்களுக்கு அரசாங்கத்திலிருந்து வருகிற கடிதமெல்லாம் சிங்களத்தில் வரும். அதைத் தூக்கிக்கொண்டு யாரிடம் போவது? கோமதியிடம் வருவார்கள். அவள் வாசித்துப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் மைக்கைப் போட்டு, கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தமிழில் நிதானமாகச் சொல்லிப் பதிவு பண்ணி, அவர்கள் போனில் ஏற்றிக் கொடுத்துவிடுவாள். வீட்டில் போய் எல்லாருமாக உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம், ஆள் ஆளுக்கு ஒன்று சொல்லிக் குழப்ப வேண்டாம். அவளுடைய எல்லாப் பதிவும் ஒரே மாதிரித்தான் ஆரம்பிக்கும். "அக்கா, கேளுங்க, பயப்பட ஒண்ணுமில்ல." அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எனக்கும் அவள்தான் காது. சிரிக்காதீர்கள், உண்மையாகவே சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும், சட்டைப் பொத்தான் அளவு. மெஷின் கிளம்பாவிட்டால் அது பீப், பீப் என்று கத்தும், எத்தனை நீளம், எத்தனை குட்டை என்பதை வைத்துக் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கலாம். நான் பதினெட்டு வயதில் தேயிலை ஃபேக்டரியில் ரோலர் மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு வருஷம் நின்றவன், அதில் போன காது திரும்பவில்லை. சத்தம் வருகிறது என்று தெரியும், எண்ண வராது. அதனால் உள்ளே நான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "எத்தன?" என்று கத்துவேன். முன் மேசையில் டைப் அடித்துக்கொண்டே கோமதி, திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒண்ணு நீளம், ரெண்டு குட்டை, காட்டக் கழட்டுங்க" என்பாள். திரைக்குப் படம் அனுப்புகிற கிராஃபிக்ஸ் கார்டில் கோளாறு என்று அர்த்தம். நான் சொல்லிக் கொடுத்த பாடம்தான், ஆனால் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். இது வருஷக்கணக்காக நடந்தது. தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சோமா அக்காகூட அவளுக்கு முன்னால் அந்த வாசகத்தைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

நாலு மணி பஸ்ஸில் கோமதி வீட்டுக்குப் போய்விடுவாள். போய்ச் சேர்ந்து அடுப்பை மூட்டிச் சோற்றை வடித்துவிட்டு எனக்குப் போனில் கோல் எடுப்பாள். "சோறு வடிச்சிட்டேங்க, நீங்க எப்ப வருவீங்க?" தினமும் அதே கேள்வி. நான் ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு, "வர்றேன், வர்றேன்" என்று வைத்துவிடுவேன்.

போன தை மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தாள். ஆறாம் நாள் இல்லை. அதைப் பற்றி எனக்கு இவ்வளவுதான் சொல்ல வரும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆள் போனபின் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், நான் செய்த முட்டாள்தனம்தான் இருக்கிறது. அவள் போனை அவள் தங்கச்சி கேட்டாள், நான் கடையில் யாருக்குச் செய்து கொடுத்தாலும் செய்கிற மாதிரி, கைப்பழக்கத்தில், எல்லாவற்றையும் அழித்துச் சுத்தமாக்கிக் கொடுத்துவிட்டேன். வருகிற ஆட்களிடமெல்லாம் "கொப்பி எடுத்து வச்சீங்களா, எடுத்து வச்சீங்களா" என்று ஏறி விழுகிற வாய் இது. என் போனில் அவள் குரல் ஒரு சொட்டு இல்லை. நாள் முழுக்க ஒரே அறையில் இருக்கிறவர்கள் எதற்குக் குரல் அனுப்பிக்கொள்ளப் போகிறார்கள்? கலியாண வீடியோவில் மேளச் சத்தம்தான் இருக்கிறது. ஊரார் போனில் ஏற்றிக் கொடுத்ததையெல்லாம் காரியம் முடிந்ததும் அவர்கள் அழித்துவிட்டிருந்தார்கள், கேட்டுப் பார்த்தேன். ஆகக் கோமதியின் குரல் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது ஒரே இடத்தில். கடையில் அவளுடைய மெஷின், அதற்குள் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க், அதற்குள் ஊராருக்குக் கடிதம் வாசித்த அந்த நூற்றுக்கணக்கான பதிவுகள்.

நான் அதைக் கேட்கவில்லை. ஒரு தடவை ஹெட்செட் போட்டு ஒன்றைத் திறந்தேன், "அக்கா" என்று வந்தது, மூடிவிட்டேன். இருக்கிறது என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது.

புரட்டாசியில் அந்த டிஸ்க் டிக், டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. அது நல்ல சத்தம் இல்லை, இந்தத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்கே நான் கொப்பி எடுத்திருக்க வேண்டும். ஏன் எடுக்கவில்லை என்றால், மெஷினும் பழசு, கேசிங் எங்கள் பக்கத்து ஈரத்தில் துரு ஏறிப் போயிருந்தது, முதலில் ஒரு நல்ல இடத்தைத் தயார் பண்ணிவிட்டு அப்புறம் அவளைக் கூட்டிவருவோம் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் இப்படித்தான் நினைத்தேன். கொழும்புக்குச் சொல்லி அனுப்பிப் புதுக் கேசிங், புதுப் பவர் சப்ளை, புது ராம், ஒரு புது எஸ்எஸ்டி டிஸ்க், ஏற்கெனவே யாரோ பாவித்த ஒரு கிராஃபிக்ஸ் கார்ட் எல்லாம் எடுத்தேன்.

சாமான் வந்த மறுநாள் சரஸ்வதி பூஜை. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஆயுதத்துக்கு ஓய்வு. பால் வெட்டுகிற கத்தி, தேயிலைக் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, எல்லாவற்றையும் கழுவிச் சந்தனப் பொட்டு வைத்து அடுக்கிவிட்டால் மறுநாள் வரைக்கும் ஒருத்தரும் தொடமாட்டார்கள். கோமதி இருந்தவரைக்கும் என் ஸ்க்ரூ டிரைவர்களை முதல் நாளே பறிமுதல் பண்ணிவிடுவாள். கேசிங்கைத் திறக்கச் சொல்லி உள்ளேயும் பொட்டு வைப்பாள், அந்தச் சின்ன ஸ்பீக்கருக்குத் தனியாக ஒன்று. "பொட்டிக்கு வாய் இதுதானேங்க" என்பாள். இந்த வருஷம் எங்களுக்குச் சாவு விழுந்த வருஷம், பூஜை கிடையாது. பூஜை இல்லை என்றால் ஓய்வும் இல்லை என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு கடையைத் திறந்தேன். பஜாரில் தமிழ்க் கடை எல்லாம் மூடி. மாடியில் நானும் சோமா அக்காவும்தான்.

காலையில் கார்டை வேறொரு மெஷினில் போட்டுப் பார்த்தேன், நன்றாக வேலை செய்தது. பிறகு கோமதியின் மெஷினை முழுக்கக் கழற்றி, புதுக் கேசிங்கில் மாற்றி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பூட்டினேன். ஒன்றை மாற்று, போட்டுப் பார், அப்புறம் அடுத்ததை மாற்று என்று படிக்க வருகிற பையன்களுக்கெல்லாம் தலையில் குட்டிச் சொல்கிற ஆள், என் சொந்த மெஷினில் ஐந்து சாமானை ஒன்றாக மாற்றினேன். பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது, மானிட்டரில் ஒன்றும் இல்லை. கறுப்பு.

சரி, புது ராமாக இருக்கும் என்று கழற்றி, அழிரப்பரால் தேய்த்து மறுபடி போட்டேன். இல்லை. பழைய ராமைப் போட்டேன். இல்லை. மதர்போர்டில் இருக்கிற சின்னப் பேட்டரியைக் கழற்றி வைத்துப் போட்டேன், பழைய பவர் சப்ளையைக் கொடுத்தேன், வயரை எல்லாம் மாற்றினேன். மத்தியானம் ஆகிவிட்டது, சாப்பிடவில்லை. கார்டை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை, காலையில்தானே நல்லாயிருந்தது. இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய மடத்தனம் கிடையாது, ஆனால் அன்றைக்கு என் தலை எனக்கு வேலை செய்யவில்லை.

எப்படிப் போனாலும் டிஸ்க் இருக்கிறதே, அதை இன்னொரு மெஷினில் கொடுத்து எடுத்துவிடலாம் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். டிக். டிக். டிக். திரையில் அப்படி ஒரு டிஸ்க் இருப்பதாகவே காட்டவில்லை. வயரை மாற்றினேன், திருப்பி வைத்துப் பார்த்தேன், நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன், கையில் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மூன்று தடவை, நாலு தடவை. இல்லை. ஒரு ஆளை இரண்டு தடவை சாகக் கொடுக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஐப்பசி மழை உங்களுக்குத் தெரியாது என்றால் சொல்கிறேன், பின்னேரம் மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்து தகரத்தில் கல்லை அள்ளிக் கொட்டுகிற மாதிரி கொட்டும், பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. இடியும் இடித்தது. நான் சோதித்த அந்த இரண்டாவது மெஷினின் பிளக்கை இடிக்குப் பயந்து பிடுங்கிப் போட்டேன். டிஸ்கைக் கொண்டுவந்து கோமதியின் மெஷினிலேயே பூட்டினேன். என்ன நம்பிக்கையில் என்று கேட்காதீர்கள், நம்பிக்கை ஒன்றும் இல்லை, அது இருந்த இடம் அதுதானே என்று பூட்டினேன். பட்டனை அமுக்கினேன்.

பீப் அடித்தது.

நன்றாகக் கேட்டது, அந்த மழையிலும். வழக்கம்போல எனக்கு எண்ண வரவில்லை. நானும் யோசிக்கவில்லை, பழக்கம், அவ்வளவுதான், தலையைப் பெட்டிக்குள் விட்டபடியே முன் மேசைப் பக்கம் பார்த்துக் கத்தினேன்.

"எத்தன, கோமு?"

கத்திய பிறகுதான் உறைத்தது. முன் மேசையில் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்திருந்த கீபோர்ட் இருந்தது, அவள் நாற்காலி இருந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வேறு ஒன்றும் கேட்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது மாதமாக அழாதவன் அங்கே நின்று அழுதேன். அழுதுகொண்டே இருக்கும்போது என் கை தன் பாட்டுக்குப் போய் கார்டின் ஸ்க்ரூவைக் கழற்றியது. ஏன் கார்ட்? எனக்குத் தெரியாது. கார்டை வெளியே எடுத்துவிட்டு, மானிட்டர் வயரை போர்டிலேயே கொடுத்து, மறுபடி பட்டனை அமுக்கினேன்.

மெஷின் கிளம்பியது. கோமதி வைத்திருந்த மாரியம்மன் படம் திரையில் வந்தது. டிஸ்கிலிருந்து ஒரு டிக் கூட இல்லை. நான் மூச்சு விடாமல் அவள் பதிவுகள் இருந்த ஃபோல்டரைப் பிடித்துப் புது எஸ்எஸ்டிக்குள் இழுத்துவிட்டேன். முக்கால் மணித்தியாலம் போயிருக்கும், ஒவ்வொரு பெயராக ஏறியது, எல்லாம் அவள் டைப் அடித்து வைத்த பெயர்கள், முனியம்மா அக்கா காணிக் கடிதம், டிவிஷன் ரெண்டு பிறப்புச் சான்று, இப்படி. நான் ஒன்றையும் திறக்கவில்லை. ஸ்பீக்கரோ ஹெட்செட்டோ மெஷினில் கொடுத்திருக்கவும் இல்லை. கடைசி ஃபைல் ஏறி முடிந்தது, பழைய டிஸ்க் மூன்று தடவை டிக் என்றது, நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அது எந்த மெஷினிலும் வரவில்லை. மேசை டிராயரில் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து சோதித்துப் பாருங்கள்.

இதுவரைக்கும் சொன்னதில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. காலையில் நல்லாயிருந்த கார்ட் இன்னொரு மெஷினில் சண்டை பிடிக்கும், நடக்கிறதுதான். சாகப்போகிற டிஸ்க் கடைசியாக ஒரு தடவை எழுந்து உட்காரும், அதையும் பார்த்திருக்கிறேன். நானும் அன்றைக்கு அப்படித்தான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன், ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் பழைய கேசிங்கைக் கட்டி இரும்புக்காரனுக்குப் போட எடுத்தேன். மூலையில் சுவரோரமாகக் கிடந்தது. தூக்கும்போது உள்ளேயிருந்து ஒரு வயர் தொங்கியது. பார்த்தால், அந்தச் சின்ன ஸ்பீக்கர். பழைய கேசிங்கிலேயே பசை போட்டு ஒட்டியிருந்தது, மாற்றும்போது நான் கழற்றவே இல்லை. அதன் மேல் போன வருஷத்துச் சந்தனப் பொட்டு காய்ந்துபோய் அப்படியே இருந்தது.

புதுக் கேசிங்கோடு இந்த ஸ்பீக்கர் வருவதில்லை, இப்போதெல்லாம் தனியாக வாங்க வேண்டும். இருந்தாலும் புதுக் கேசிங்கைத் திறந்து போர்டைப் பார்த்தேன். ஸ்பீக்கர் பூட்டுகிற நாலு ஊசியும் வெறுமையாக இருந்தன. அந்த மெஷினுக்கு வாயே இல்லை. பிறகு எது பீப் அடித்தது?

நீங்கள் கேட்கப்போவதை எல்லாம் நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். யூபிஎஸ்ஸா? அதன் பேட்டரி செத்து மாதக்கணக்கு, மேசைக்கு அடியில் வயர் சுற்றிக் கிடக்கிறது. இன்னொரு மெஷினா? பிளக்கைப் பிடுங்கியாயிற்று. போனா? என் சட்டைப் பையில் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. மன ஏக்கம், பிரமை என்பீர்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன், இப்படி ஏங்கினால் சுவர்கூடப் பேசும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பத்து மணிக்குச் சோமா அக்கா ஃபிளாஸ்க்கோடு வந்தார்.

இரண்டு கோப்பையில் பிளேன்டீ ஊற்றிவிட்டுச் சிங்களத்தில் சொன்னார், "நேத்து நல்ல வேலை செஞ்சீங்க மல்லி. நங்கியோட குரலப் போட்டீங்களே, கேட்டதும் எனக்குத் தையல் மெஷின்ல கால் நின்னுபோச்சு."

"நான் ஒண்ணும் போடலியே" என்றேன்.

"என்ன போடல? நீங்க எத்தனன்னு கேட்டீங்க, அவ சொன்னா." பிறகு சோமா அக்கா, இத்தனை வருஷமாகத் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து மனப்பாடம் பண்ணி வைத்திருந்த அந்த ஒரே தமிழ் வாசகத்தைத் தன் நாக்குக்கு வந்த மாதிரிச் சொன்னார். "ஒண்ணு நீட்டு, ரெண்டு குட்ட, காட்ட கலட்டுங்க."

நான் கோப்பையை மேசையில் வைத்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை, பழைய பதிவு ஒன்றைத்தான் நான் போட்டேன் என்று அவருக்கு நினைப்பு. மழை அவ்வளவு அடித்தும் எப்படிக் கேட்டது என்று கேட்டேன். "மழையும் கேட்டிச்சு, அவ குரலும் கேட்டிச்சு" என்றார், சாதாரணமாக.

"அவ்வளவுதானா?"

"இல்ல, அதுக்குப் பிறகு இன்னொண்ணு சொன்னா. கொஞ்சம் நீட்டமா, மெதுவா. அது எனக்கு விளங்கல மல்லி, தமிழ்தானே. நீங்க ஒண்ணும் பதில் சொல்லல. பிறகு ஸ்க்ரூ கழட்டுற சத்தம் வந்திச்சு."

அன்றிரவே உட்கார்ந்து எல்லாப் பதிவையும் கேட்க ஆரம்பித்தேன். முடிக்க மூன்று வாரம் ஆனது. பயப்பட்டதுபோல் இல்லை, நன்றாகத்தான் இருந்தது, ஒவ்வொரு நாளும் அவளோடு இரண்டு மணித்தியாலம். அக்கா, கேளுங்க, பயப்பட ஒண்ணுமில்ல. அண்ணே, கேளுங்க, பயப்பட ஒண்ணுமில்ல. யார் யாருக்கோ பென்ஷன், யார் யாருக்கோ அடையாள அட்டை. ஒன்றில் பின்னால் என் சத்தம் வருகிறது, எதையோ போட்டுத் தட்டுகிறேன். கோமதி இடையில் நிறுத்தி, "இந்தாங்க, சத்தம் போடாதீங்க, ரெக்கோட் போகுது" என்கிறாள். இத்தனை பதிவிலும் எனக்கு என்று அவள் சொன்னது அந்த ஒன்றுதான். அதை நான் தினமும் கேட்கிறேன். ஆனால் ஒண்ணு நீளம், ரெண்டு குட்டை என்று அவள் சொல்கிற பதிவு அதில் இல்லை. இருக்கவும் முடியாது, அதை எதற்குப் பதிவு பண்ணப்போகிறாள்?

எனக்குப் பயம் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்கிறேன். பொறாமைதான் இருக்கிறது. ஒன்பது மாதம் ஏங்கிக் கிடந்தவன் நான், பக்கத்தில் நின்றவன் நான், எனக்குக் கேட்கவில்லை. ஊரில் ஒருத்தருக்கும் சிங்களக் கடிதம் விளங்காமல் போகக்கூடாது என்று இருந்தவள் அவள். அவள் எனக்குச் சொன்னதை மட்டும் ஒரு சிங்களப் பெண் கேட்டு, விளங்காமல், தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறார்.

சோமா அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பன்சலைக்கு, அவர்கள் புத்த கோயிலுக்குப் போய், பிரித் ஓதிய நூல் ஒன்று கொண்டுவந்து என் கையில் கட்டிவிட்டார், கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் எங்களுக்கு ஒரு வேலை. கோமதி என்னவெல்லாம் சொல்லியிருப்பாள் என்று யோசித்து நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக் காட்டுவேன், இதுவா, இதுவா என்று. "சாப்பிட்டீங்களா?" இல்லை, இதைவிட நீட்டம். "எதுக்கு இப்படி மெலிஞ்சு போயிட்டீங்க?" இல்லை. "இன்னைக்கு எதுக்குக் கடையத் தொறந்தீங்க?" அதற்குக் கொஞ்சம் யோசித்தார், பிறகு அதுவும் இல்லை. எத்தனையோ சொல்லிவிட்டேன், திட்டுகூடச் சொல்லிவிட்டேன். அவருக்கும் இப்போது தமிழ் கொஞ்சம் வந்துவிட்டது.

போன மாதம் ஒரு நாள் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, "மல்லி, அது ரெண்டு துண்டா வந்திச்சு. மொதல்ல ஒண்ணு சொன்னா, பிறகு கேட்டா. கடைசியில குரல் மேல போச்சு. அது ஒரு கேள்வி" என்றார். சொல்லிவிட்டு அந்த ராகத்தை மட்டும், வார்த்தை இல்லாமல், வாய்க்குள் முனகிக் காட்டினார்.

எனக்கு அந்த ராகம் தெரியும். கடையில் அவள் பேசுகிற ராகம் இல்லை அது. நாலு மணி பஸ்ஸில் போய்ச் சேர்ந்து, அடுப்பை மூட்டிவிட்டு, எப்ப வருவீங்க என்று போன் கோலில் மட்டும் கேட்கிற ராகம். சோமா அக்கா அதைக் கேட்டிருக்க வழியே இல்லை.

அவர் இப்போதும் தினமும் பத்து மணிக்கு ஃபிளாஸ்க்கோடு வந்து, இன்னைக்கு எது என்று கேட்கிறார். நான் ஏதாவது வேறொன்றைச் சொல்கிறேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். அந்த ஒரு கேள்வியை மட்டும் நான் இன்னும் அவருக்குச் சொல்லிக் காட்டவில்லை.